அடி தாங்கும் பியானோ

“இனிமே நீங்க ஏறி மிதிச்சாலும் தாங்கும் தம்பி,” என்றார் சவரிராயன், பியானோவின் வயிற்றுக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே.

“ரொம்ப தேங்க்ஸுங்கண்ணே.” அமலன் அவர் பக்கத்தில் டீயை வைத்துவிட்டு வெளியே போனான்.

அமலன் பியானோ வாசிப்பதில்லை, துவைப்பான். போன வருஷம் மட்டும் ஊர் சர்ச் பியானோவில் ஒன்பது கம்பி அறுத்தவன். ஒன்பதையும் மாற்றிய சவரிராயன், அந்தக் கையால்தான் தன் வீட்டு அடுப்பு எரிகிறது என்று சொல்லிச் சிரிப்பார்.

இன்று சிரிப்பு வரவில்லை. நல்லம்பள்ளிப் பக்கம் இந்தப் பள்ளிக்கூடத்தில் பியானோ டீச்சர் வேலை ஒன்றே ஒன்று. வாசித்துக் காட்ட வந்திருப்பது இரண்டு பேர். முதலில் அவர் மகள் பிளசி, அடுத்து அமலன்.

பிளசி வாசித்தால் முன்வரிசைக்கே பாதிதான் கேட்கும். “இந்தக் காலத்துல இடி மாதிரி அடிச்சாத்தான் வேலை குடுக்கறாங்க,” என்று மூன்று மாதமாக வீட்டில் சவரிராயன் புலம்பித் தீர்த்துவிட்டார். காலையில் பஸ்ஸில் பார்த்தால், அவள் இரண்டு கை விரல் நுனியிலும் பிளாஸ்திரி.

“என்ன கண்ணு இது?”

“வெங்காயம் நறுக்கறப்ப பட்டுருச்சுப்பா.”

டீ ஆறுவதற்குள் சட்டைப்பையிலிருந்து சின்ன அரத்தை எடுத்தார். இடது கைப் பக்கம், தடித்த கம்பி ஒன்றின் கழுத்தில் நாலே இழுப்பு. பிளசி தொட்டால் பத்து வருஷம் தாங்கும். அமலன் அடித்தால் மூன்றாவது அடியில் தெறிக்கும்.

பிறகு டீயைக் குடித்தார். அவருக்குப் பிடித்த மாதிரி சர்க்கரை கம்மியாகச் சொல்லி வாங்கி வந்திருந்தான். மிச்சப் பாதியை அப்படியே வைத்துவிட்டார்.

பிரின்சிபால் நிர்மலாதேவி பிளசியையும் அமலனையும் உள்ளே கூப்பிட்டார். “போன டீச்சர் அடிச்ச அடியில பியானோ பாதி போச்சு. இன்னிக்கு யாரு கம்பிய அறுக்கறாங்களோ அவங்க அப்படியே கெளம்பிடலாம். பியானோ சரியா இருக்குதுங்களா?”

“மாதா மேல சத்தியமா ஒரு குறையும் இல்லீங்க மேடம்,” என்றார் சவரிராயன். “கம்பி அறுந்துச்சுன்னா அது அடிக்கிற கையோட குத்தந்தான்.”

பியானோ முன்னால் உட்காரப் போன பிளசி, அப்பாவின் காதருகே குனிந்தாள்.

“அமலன் அண்ணன விட ஓங்கி அடிக்கப் போறேன்ப்பா. நீங்க பாத்த பியானோதான, தாங்கும்.”