மைக் திறக்காத டாக்டர்

மனைவிக்குத் தெரியாமல் அந்தப் பெண்ணின் குரலைக் கேட்க, சிவநேசனுக்கு லோரியை விட்டால் வேறு இடமில்லை. அன்றும் "லோரி கழுவிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தவர், கதவைச் சாத்திக்கொண்டு காதில் இயர்போனை மாட்டினார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கொட்டுகிற மழையில் லோரி கழுவக் கிளம்பிய ஒரே ஆள் புக்கிட் பெருந்துங் ஊரிலேயே தாம்தான் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

ஐம்பது தாண்டிய வயது, பாதி நரைத்த மீசை, தோட்டத்திலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப்போகிற வேலை. இதெல்லாம் அந்தக் கைப்பேசி விளையாட்டில் யாருக்கும் தெரியாது. அங்கே அவர் பெயர் டாக்டர். சண்டையில் அடிபடும் கூட்டாளிகளுக்கு வைத்தியம் பார்ப்பது அவர் பொறுப்பு. மைக்கை மட்டும் திறக்கவே மாட்டார், சொல்ல வேண்டியதை எழுத்தில் தட்டிவிடுவார்.

குழுவில் மொத்தமே மூன்று பேர். தலைவன் யுவனேஸ்வரன், ரவாங்கில் ஏதோ தொழிற்சாலையில் வேலை பார்க்கும் வாயாடிப் பையன். இன்னொருத்தி மின்மினி. அவளுக்காகத்தான் இத்தனை பாடும்.

அன்றைய ஆட்டத்தில் மூவரும் ஒரு பாழடைந்த வீட்டுக்குள் பதுங்கியிருந்தார்கள். மின்மினி இருமினாள். தொண்டை கட்டி, குரல் கரகரத்துக் கிடந்தது.

'சுடுதண்ணி குடி' என்று தட்டி அனுப்பினார் சிவநேசன். 'இன்ஹேலர் பக்கத்துல இருக்கா?' என்று அடுத்து அடித்தவர், சட்டென்று அதை அழித்துவிட்டார். மழை வந்தால் அவளுக்கு மூச்சு இழுக்கும் என்பதை அவள் குழுவில் யாரிடமும் சொன்னதில்லை.

"டாக்டர், எழுதிக்கிட்டே இருந்தா எப்படி லா? அடுத்த வாரம் போட்டி," என்றான் யுவனேஸ்வரன். "இந்த மேட்ச் முடியறதுக்குள்ள மைக்க தொறந்து பேசல, வேற ஆள எடுத்துருவேன்."

"பேசாட்டி என்னாடா? வேலைய ஒழுங்கா செய்யறாருல்ல, விட்டுரு," என்றாள் மின்மினி.

அவள் தமக்காகப் பரிந்து பேசியதைச் சிவநேசன் மனதுக்குள் இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்தார். ஆனால் வாயைத் திறந்தால் கதை முடிந்தது. அவர் குரலைக் கேட்ட மறுநொடியே அவள் போய்விடுவாள், அப்புறம் வாரத்துக்கு ஒருதரம் கிடைக்கும் இந்தக் கொஞ்ச நேரமும் இல்லை. அந்தப் பயம் அவரைத் தூங்கவிடாத பயம்.

திடீரென்று சுவர் வெடித்துச் சிதறியது. "டாக்டர்! அடிபட்டிருச்சு!" என்று அலறினாள் மின்மினி.

பாய்ந்து போய்ப் பார்த்தார். கால் எலும்பு முறிந்திருந்தது, கையில் தீக்காயம், தோளில் குண்டு துளைத்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. எதை முதலில் பார்ப்பது என்பதில்தான் உயிரே இருக்கிறது. விளையாட வந்த புதிதில், ரத்தம் ஓட ஓட யுவனேஸ்வரனின் காலுக்குக் கட்டை வைத்துக் கட்டியவர் அவர். கால் நேராகிவிட்டது, ஆள் போய்ச் சேர்ந்துவிட்டான்.

முதலில் ரத்தம், அப்புறம் எலும்பு, கடைசியில் தீக்காயத்துக்குக் களிம்பு. பையில் இருந்தது ஒரே ஒரு கட்டுத்துணி. அவருக்கும்தான் வயிற்றில் அடி. யோசிக்காமல் அவள் தோளில் வைத்து, திரையில் தோன்றிய வளையத்தின்மேல் கட்டைவிரலை அழுத்தினார். வளையம் நிறையும்வரை விரலை எடுக்கக் கூடாது, எடுத்தால் துணி வீண், அவள் செத்துப்போவாள்.

லோரிக் கதவு படாரென்று திறந்தது. குடையோடு நின்றாள் அவர் மனைவி விமலா.

"மழையில லோரி கழுவறீங்களோ?" என்றபடி இயர்போன் ஒயரைப் பிடித்து இழுத்தாள். துப்பாக்கிச் சத்தமும் கூரையில் விழும் மழைச் சத்தமும் கலந்த இரைச்சலில், "டாக்டர், போயிராதீங்க" என்று கரகரத்த ஒரு பெண்குரல் வெளியே கேட்டது.

நழுவிய கைப்பேசியைப் பிடிக்கப்போன இடக்கை, மைக் குறியில் பட்டுவிட்டது. குறி பச்சையானது. அணைக்கலாமென்றால் அதற்குள் விமலா அந்தக் கையை எட்டிப் பிடித்துவிட்டாள்.

"யாருங்க இவ? சொல்லுங்க!"

சொல்ல முடியுமா? ஒரு வார்த்தை வந்தாலும் அந்தப் பக்கம் கேட்டுவிடும். சிவநேசன் பல்லைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தார். வளையம் பாதிதான் நிறைந்திருந்தது.

அந்த மௌனம் விமலாவை இன்னும் கொதிக்க வைத்தது. "பெத்த பொண்ணு புடிச்சவனக் கட்டிக்கிட்டாள்னு, படி ஏறாதேன்னு வெரட்டிவிட்டீங்க. அவ பேரக்கூட வீட்டுல எடுக்க விடல. இங்க ஊரான் வீட்டுப் பொண்ணோட என்னா குலாவல் உங்களுக்கு? போன வச்சிட்டு எறங்குங்க!"

அவர் இறங்கவில்லை. கண்ணீர் மீசைக்கு வந்துவிட்டது, கட்டைவிரல் மட்டும் அசையவில்லை.

கைப்பேசியில் ஓர் இருமல் கேட்டது. பிறகு அந்தக் குரல் மெதுவாகச் சொன்னது.

"அம்மா, அப்பாவ இப்ப கூப்பிடாதீங்க... எனக்கு இன்னும் கட்டு போட்டு முடியல."