எறும்புக்கு மருந்து

“ஒரே பேஜார் மாமி! மறுபடியும் எறும்பு!” என்றபடி பக்கத்துப் போர்ஷன் சைத்ரா உள்ளே வந்தாள்.

லலிதாம்பாள் அவசரமாக இரண்டாவது டம்ளரை எடுத்து மோர் ஊற்றினாள். அந்த டம்ளருக்குச் சைத்ராவை விட்டால் வேறு ஆள் கிடையாது.

“சர்க்கரை டப்பாவுல கிராம்பு போட்டியோ?”

“போட்டாச்சு மாமி. மஞ்சள்பொடியும் தூவியாச்சு.”

“அப்போ எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு ஜன்னலோரம் துடைச்சுப் பாரேன். முதல்ல உட்காரு, மோரைக் குடி.”

பேச்சு எறும்பில் தொடங்கி, தேவராஜா மார்க்கெட் கத்தரிக்காய், தெருவுக்குப் புதிதாக வந்த கேபிள் டிவி என்று சாயங்காலம்வரை ஓடியது.

“உங்களுக்குக் கவலையே இல்லை மாமி. டாக்டர் சர்க்கரையே தொடக்கூடாதுன்னுட்டார். எறும்புக்கு இங்கே என்ன வேலை?” சிரித்துக்கொண்டே சைத்ரா எழுந்தாள். “இந்தத் தடவை போயிடுத்துன்னா இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்.”

லலிதாம்பாளுக்குச் சிரிப்பு வரவில்லை. சைத்ரா போனதும் டம்ளரைக் கழுவி, அலமாரியில் வைக்காமல் கைக்கெட்டும் இடத்திலேயே கவிழ்த்தாள்.

பிறகு அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்திருந்த டப்பாவைத் திறந்து, ஒரு பிடி சர்க்கரையை அள்ளிக்கொண்டு, கொல்லைப்பக்கமாகச் சைத்ராவின் சமையலறை ஜன்னலுக்கு நடந்தாள், வழக்கம்போல.