இமொஜீன் கையில் தட்டு

"முப்பது வருஷமா நான் தூக்காத தட்டாடி? இமொஜீன் தூக்குறதையும் காசு குடுத்துப் பார்க்கணுமா? நான் வரலை!"

லூவெனியா தியேட்டர் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஞாயிறு ஆராதனை முடிந்து, தலையில் ஊதாத் தொப்பியோடு நேரே வந்திருந்தாள். லாஸ் ஏஞ்சலஸ் வெயில் மண்டையைப் பிளந்தது.

"அவ தட்டு தூக்குவான்னு யாரும்மா சொன்னா?" என்றாள் மகள் யோலாண்டா.

"யார் சொல்லணும்? நம்ம கறுப்புப் பொம்பளைங்கள சினிமாவுல வேற எதுக்குக் காட்டியிருக்காங்க?"

இமொஜீன் ப்ளேக்கின் பாட்டு என்றால் லூவெனியாவுக்கு உயிர். ரேடியோவில் அந்தக் குரல் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு நிற்பாள். தெருவில் பாதிப் பெண்கள் சூடான சீப்பால் முடியை இழுத்து நீட்டுவதை விட்டு, சுருட்டை முடியோடு நிமிர்ந்து நடந்தது இமொஜீனின் ரெக்கார்டு அட்டையைப் பார்த்த பிறகுதான். அப்படிப்பட்டவள் திரையில் 'சரிங்கம்மா' என்று குனிந்து நின்றால், அப்புறம் அந்தக் குரலைக் கேட்கவே முடியாது என்று லூவெனியா பயந்தாள்.

யோலாண்டா விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்தாள். "ஒண்ணே ஒண்ணு. கடைசி எழுத்து ஓடி முடியிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது."

"தாயே, அந்தத் தொப்பியைக் கொஞ்சம் கழட்டுங்களேன். ஊதாவைத் தவிர ஒண்ணும் தெரியலை," என்றான் பின்சீட்டு இளைஞன்.

"கர்த்தர் முன்னாடியே கழட்டலை. உனக்காகக் கழட்டுவேனா, தம்பி?"

படம் ஆரம்பித்தது. திரையில் ஒரு பெரிய வீடு.

"இதே மாதிரி வீடுங்கதான்," லூவெனியா முணுமுணுத்தாள். "மாடிப்படி இருக்கும், மேல போனதே இல்ல. தட்டுல முழு வான்கோழி இருக்கும், ஒரு துண்டு தின்னதில்ல. நடை சரியில்லைன்னு ஒரே தட்டைப் பத்து தடவை தூக்க வைப்பாங்க. 'வரேங்கம்மா, சரிங்கம்மா', அவ்வளவுதான் என் பேச்சு. உன் பேர் என்னன்னு ஒரு வீட்லயும் கேட்டதில்லை."

"உஸ்! படத்தைப் பாரும்மா."

சமையலறைக் கதவு திறந்தது. இமொஜீன் வந்தாள். கையில் தட்டு.

லூவெனியா மகள் பக்கம் திரும்பினாள். "நான் சொன்னேன்ல?" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

திரையில் இமொஜீன் தட்டை மேஜைமேல் வைத்தாள். வீட்டுக்காரர் உட்காரும் பெரிய நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வான்கோழியில் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டாள். வாசலில் ஒரு வெள்ளைக்காரர் தொப்பியைக் கழற்றியபடி, "டாக்டரம்மா, உள்ளே வரலாமா?" என்றார்.

"சாப்பிட்டுட்டு வரேன். காத்திருங்க."

தியேட்டர் சர்ச் ஆகிவிட்டது. "ஆமென்!" "அப்படிச் சொல்லு தாயே!" பின்சீட்டு இளைஞன் சீட்டின் மேலேயே ஏறிவிட்டான்.

லூவெனியா கைப்பையைக் கீழே வைத்தாள். மெல்ல உட்கார்ந்தாள். ஊதாத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு அவள் அசையவில்லை. முடிவில் இமொஜீன் பாடிய பாட்டுக்கு உடம்பு சிலிர்த்தது. கன்னத்தைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"இந்தக் கண்ணால இதைப் பார்த்துட்டேன்டி. போதும், வா போகலாம்."

"எழுத்து இன்னும் முடியலைம்மா. உட்காரு." யோலாண்டா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கூட்டம் எழுந்துகொண்டிருந்தது. பெயர்கள் ஓடி முடிந்தன. கறுப்புத் திரையில் கடைசியாக நாலு வரி வந்து நின்றது.

'நாற்பத்தோரு படங்களில் பெயரில்லாத வேலைக்காரியாக நடித்த லூவெனியா டாப்ஸ் அம்மையாருக்கு, உங்களைப் பார்ப்பதற்காகவே சினிமாவுக்குப் போன சிறுமி இமொஜீனின் காணிக்கை. நீங்கள் நின்றது போதும். உட்காருங்கள், அம்மா.'