பறவையே இல்லாத ஏரி

ஸ்காதர் ஏரிக்கரையில் விடுதி கட்ட ரட்கோ மனு போட்டிருந்தான். பறவைகள் இருக்கும் இடத்தில் கட்ட விடமாட்டார்கள் என்று காபிக்கடையில் யாரோ சொல்லிவிட்டார்கள். ஆகவே ஆய்வு அதிகாரி தாரிங்கா வந்திறங்கியதும், அவளைக் கயாக் படகில் ஏற்றி அவனே துடுப்புப் போட்டான்.

"அதோ, கூழைக்கடா!" என்றாள் தாரிங்கா.

"பிளாஸ்டிக் சாக்கு, மேடம். ஊர்க்காரங்களுக்குப் பொறுப்பே இல்ல."

சாக்கு வாயைப் பிளந்து ஒரு மீனை விழுங்கியது.

"உங்க சாக்குக்கு நல்ல பசி போல."

ரட்கோ வேகமாகத் துடுப்பை வலித்தான். நாணலுக்குள் நீர்க்காகக் குஞ்சுகள் கத்தின.

"அது என்ன சத்தம்?"

"தவளைங்க மேடம்."

"கூட்டுக்குள்ளயா?"

தலைக்கு மேலே கொக்குகள் கூட்டமாகப் பறந்தன. ரட்கோ அண்ணாந்து பார்க்காமல் வானிலையைப் பற்றிப் பேசினான்.

கரையேறியதும் தாரிங்கா கேட்டாள். "ஆக, இங்க பறவையே கிடையாதா?"

"ஒரு குருவிகூடக் கிடையாது. எழுதியே தரேன்!"

எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான்.

அவள் பெருமூச்சுடன் அதை வாங்கினாள். "நான் கண்ணால பாத்தாலும், நீங்களே இல்லைனு எழுதிக் குடுத்துட்டீங்க. அப்ப அனுமதி கிடையாதுங்க. இந்தக் கரையில பறவை பாக்க வர்றவங்களுக்கான விடுதி மட்டும்தான் கட்டலாம். உங்க மனைவி அதுக்குத்தான் மனு எழுதியிருக்காங்க. பறவை இருக்கானு பாக்கத்தான் நான் வந்தேன். நீங்க மனுவைப் படிக்கலையா?"

ரட்கோ அவள் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தான்.

"கையெழுத்து மட்டும்தான் போட்டேன், மேடம்."