மறுபக்கத்துப் பிடி

ஜன்னல் வெயில் மேசைமேல் சாய்ந்திருக்கிறது. இரண்டு கையாலும் இழுத்து வாசிக்கிற கான்சர்ட்டினா என்ற பழைய இசைப்பெட்டி ஒன்றின் துருத்தி, முனைகள் கழன்று, அந்த வெயிலில் வாய் பிளந்து கிடக்கிறது. கிழிந்த மடிப்புகளில் ஒட்டிய மெல்லிய ஆட்டுத்தோல் காய்ந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கிறாள் பழுதுபார்க்கிறவள். கை ஓடினால் அவளுக்கு வாயும் ஓட வேண்டும். "யாரும்மா இதை இந்தப் பாடு படுத்தினது? கண்டபடி இழுத்து மடிப்பெல்லாம் கோணிப்போச்சு. வீட்டுல கயிறு இழுக்கிற போட்டியா நடந்துச்சு?" எதிரே கணவரோடு உட்கார்ந்திருக்கும் பெண் சிரிக்கவில்லை. "இவருக்கு வலது கை விழுந்துடுச்சுங்க. இடது கையால இவர் இழுப்பாரு, மறுபக்கத்தை நான் பிடிச்சுக்குவேன். காத்து ஒழுக ஒழுக, ரெண்டு பேருமே பலமா இழுத்துட்டோம்." பழுதுபார்க்கிறவள் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். முனைகளைப் பொருத்தி, திருகாணிகளை முடுக்கி, ஒரு பக்கத்தைக் கணவரிடமும் மறுபக்கத்தை மனைவியிடமும் நீட்டுகிறாள். அவர் இழுக்கிறார். துருத்தி சீறாமல், தூங்குகிறவரின் மார்புபோல விரிகிறது. இடது பக்கத்துக் கனத்த, தாழ்ந்த சுரங்கள் மட்டும் எழும்புகின்றன. வலது கை வாசித்திருக்க வேண்டிய பாட்டின் இடம் காலியாகவே கடந்து போகிறது. அந்த இடம் வரும்போதெல்லாம் மனைவியின் உதடு சத்தமில்லாமல் அசைகிறது. அவள் மணிக்கட்டில் நரம்பு புடைத்திருக்கிறது. "இனிமே காத்து ஒழுகாதும்மா. லேசாப் பிடிச்சாப் போதும்," என்கிறாள் பழுதுபார்க்கிறவள், குரலைத் தணித்து. "சரிங்க," என்கிறாள் மனைவி. பிடி தளரவில்லை.