ராக்கெட்டில் காபி

ஜீவனஹள்ளியில் காலை வெயில் இப்போதுதான் ஏறுகிறது. டெலிபோன் தொழிற்சாலை பஸ்ஸுக்காக நிற்கும் அல்போன்சா, லெண்டிங் லைப்ரரியில் எடுத்த பழைய நாவலைப் படிக்கிறாள். இந்த 1960 எப்படி இருக்கும் என்று முப்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ எழுதியது. முன்பு படித்தவர்கள் ஓரங்களில் பென்சிலால் தீர்ப்பே சொல்லியிருக்கிறார்கள்: ராக்கெட் சரி, நிலவில் காடு தப்பு. ராக்கெட் கேப்டனுக்குக் காபி கொண்டுவரும் மனைவி, "இந்தச் சிவப்பு விளக்கு எதற்கு, நாதா?" என்று கேட்கும் பக்கத்தில் மட்டும் ஒரு குறியும் இல்லை. தொழிற்சாலையில் வயர்களுக்கு ஈயம் பற்றவைத்துத் தழும்பேறிய விரல்களால் அல்போன்சா அங்கே அழுத்தமாக ஒரு பெருக்கல் குறி போடுகிறாள். பஸ் வந்து நிற்கிறது. பக்கத்தில் நிற்கும் தோழி பெட்டி எட்டிப் பார்க்கிறாள்.

"இதுல என்னடி தப்பு?"

"வெளக்கு எதுக்குன்னு அவ புருஷன கேக்குறாளாம். அதுக்கு வயர் வெச்சவளே அவளாத்தான்டி இருப்பா!"