வெள்ளோட்டம்

“ஹைவே பக்கம் வேணாம் மேடம். அங்க ஒரு விரால் கீது. போன ஐப்பசில எருமையோட கால கவ்விக்கினு விடல. எருமைக்காரன் வந்து கெஞ்சின அப்புறந்தான் விட்டுச்சு.”

பாக்கியராஜ் இதைச் சிரிக்காமல் சொன்னார். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நந்தினி கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் இருந்த அந்த ஏரியில், பொதுமக்கள் துடுப்புப் படகு விட ஒரு படித்துறை கட்டப் போகிறார்கள். மோட்டார் கிடையாது, கட்டணமும் கிடையாது. இடம் பார்த்துச் சொல்லத்தான் சென்னையிலிருந்து நந்தினியை அனுப்பியிருந்தார்கள். ஒன்று ஹைவே பக்கம், இல்லையென்றால் காலனிப் பக்கம். வெள்ளோட்டம் எங்கே நன்றாகப் போகிறதோ அங்கேதான் துறை. அதற்காக வேன் கூரையில் ஒரு ரப்பர் படகைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

ஹைவே பக்கம் போகவிருந்த வேனைக் காலனி முனையில் மறித்தவர்தான் இந்த பாக்கியராஜ். ஸ்டீல் கம்பெனியில் உலை வேலை. கண்கள் இரண்டும் அந்த உலையைப் போலவே சிவந்திருந்தன. காலையிலேயே போட்டுவிட்டார் என்று முடிவுகட்டி, நந்தினி ஓரடி தள்ளியே நின்றாள்.

“அங்க கார் நிறுத்த இடம் இருக்கே?”

“நிறுத்தலாம். அப்புறம் கார எடுக்கத்தான் முடியாது. போன வருஷம் ஒரு டேங்கர் லாரி சேத்துல இறங்குச்சு. இன்னிக்கும் இறங்கிக்கினேதான் கீது.”

ஐந்து நாளாக விடாத மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. வானம் வெளுக்கவே இல்லை. ஏரி கரைமுட்டிக் கிடந்தது. தண்ணீரில் துரு நிறத்தில் ஏதோ படலம்.

“இங்க ஆழம் எவ்வளவு?”

“மார் மட்டும். அடில சேறு. நாலு பேர் இறங்கினா ஒருத்தனாவது வழுக்குவான்.”

“துறைக்கு அகலம்...”

“ஆறடி.”

நந்தினி நிமிர்ந்தாள். அவள் தாளிலும் ஆறடிதான். “எப்படிச் சொன்னீங்க?”

“ரெண்டு ரெண்டு பேரா தோள்ல தூக்கினு நடக்கணும்ல. சரிவும் கம்மியா இருக்கணும். இல்லன்னா முன்னாடி போறவன் மேல வெயிட்டு சாஞ்சிடும்.”

“படகு தூக்கின அனுபவம் இருக்கா?”

“படகு இல்ல மேடம். வேற.”

சற்றுத் தள்ளி, கல்வெர்ட்டு மேல் முப்பது பேருக்குக் குறையாமல் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“இவங்கல்லாம் ஷிஃப்ட்டுக்குப் போகலையா?”

“லீவு போட்டுட்டானுங்க.”

படகு பார்க்கவா இத்தனை கூட்டம் என்று நந்தினிக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. அக்கரையைக் காட்டினாள். “அங்க ஒரு தகர ஷெட் தெரியுதே. படகுல போறவங்க இறங்கி ரெஸ்ட் எடுக்கலாம் போல.”

“எடுக்கலாம். இது வரைக்கும் அங்க போனவங்க ஒருத்தரும் குறை சொன்னதில்ல.”

“ரோடு வழியா அங்க போக முடியாதா?”

“வரப்பு மேல ஒரு பாதை இருந்துச்சு. இப்ப அது ஒரு கம்பெனி காம்பவுண்டுக்குள்ள கீது.”

‘வாகன இரைச்சல் இல்லை’ என்று நந்தினி குறித்துக்கொண்டாள். பிறகு பேனாவை மூடினாள். “உண்மையைச் சொல்லுங்கண்ணே. துறை வந்தா டீக்கடை போடலாம்னுதானே?”

“டீ குடிச்சே ஒரு நாள் ஆவுது மேடம்.”

“அப்ப எதுக்கு இந்தப் பக்கமே வேணும்னு நிக்கறீங்க?”

பாக்கியராஜ் முதல்முறையாக அவளைப் பார்க்காமல் பேசினார். “எங்க ஊட்ல கன்னியம்மாவுக்குத் தண்ணின்னா பயம். முழங்காலுக்கு மேல இறங்க மாட்டா. ஒரு தரம் அக்கரைக்கு நனையாம இட்டுனு போறேன்னு வாக்கு குடுத்துட்டேன். உங்க படகுல இன்னிக்கே போலாமா?”

நந்தினிக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. இந்த மனுஷனையா குடிகாரன் என்று நினைத்தோம்? “வெள்ளோட்டத்துக்கு ஒரு ஆள் வேணும்தான். முதல் சவாரி அவங்களுக்கே.”

“படுத்துக்கினு போலாமா? அவளால உக்கார முடியாது.”

“உடம்பு சரியில்லையா?”

“நேத்து வரைக்கும் சரியில்ல.”

“அப்போ பரவாயில்ல. வசதியா படுத்துக்கிட்டு, வானத்தைப் பார்த்துக்கிட்டே போகலாம்.”

யாரும் கூப்பிடாமலே கல்வெர்ட்டிலிருந்து நாலு பேர் எழுந்து வந்தார்கள். கூரையிலிருந்து படகை இறக்கி, தோளில் ஏற்றி, ஒரே நடையாகச் சேற்றில் நடந்தார்கள். அலுங்காமல் தண்ணீரில் வைத்தார்கள். படகு லேசாக ஆடிவிட்டு நின்றது. இவ்வளவு பழக்கப்பட்ட தோள்களை நந்தினி எந்த ஊரிலும் பார்த்ததில்லை. வரைபடத்தில் காலனிப் பக்கம் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டாள்.

“துறை இங்கதான் அண்ணே. ஆனா லைஃப் ஜாக்கெட் இல்லாம யாரையும் ஏத்தக் கூடாது. அது ரூல்.”

“போட்டுடலாம்” என்று பாக்கியராஜ் அந்த ஆரஞ்சுச் சட்டையை வாங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“சரி, அவங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க.”

பாக்கியராஜ் தோள் துண்டை எடுத்துத் தெருவைப் பார்த்து ஒரு தரம் உதறினார். அதற்காகவே காத்திருந்ததுபோல, காலனிக்குள் சாவு மேளம் அடிக்கத் தொடங்கியது.